அந்த வௌவாலை இனியாவது விடுங்கள்

ஓசி ஆஸ்போர்ன் இறந்தது 2025 ஜூலை 22. அந்த வாரம் தமிழில் வந்த அஞ்சலிக் குறிப்புகளில் என் கண்ணில் பட்டவை பாதிக்கு மேல் வௌவாலில்தான் தொடங்கின. 1982 ஜனவரியில் அமெரிக்காவின் டெமாய்ன் நகரில், ரசிகர் யாரோ மேடையில் வீசிய வௌவாலை ரப்பர் பொம்மை என்று நினைத்து ஓசி அதன் தலையைக் கடித்த கதை. கடித்தார், ஊசி போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். ஐம்பது வருஷத்துக்கும் மேலான பாட்டு வாழ்க்கையில் ஒரே ஒரு ராத்திரி. ஆனால் அதைச் சொல்லாமல் ஒருவருக்கும் பேனா நகரவில்லை. ஆஸ்டன் என்ற ஊரின் பெயரை எழுதியவர்கள் ரொம்பக் கம்மி. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்ட அந்தப் பையன் கார் ஹாரன்களுக்குச் சுருதி பார்க்கும் வேலை செய்தான், மாட்டிறைச்சிக் கூடத்தில் வேலை செய்தான், ஒரு துணிக்கடைத் திருட்டுக்கு அபராதம் கட்டக் காசில்லாமல் வின்சன் கிரீன் சிறையில் ஆறு வாரம் இருந்தான் என்பதெல்லாம் போனால் போகிறதென்று கடைசிப் பத்தியில் வந்தது. சில குறிப்புகளில் அதுவும் இல்லை.

எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. ஹெவி மெட்டலின் தொடக்க வரலாறு கூலிக்கு உழைத்தவர்களின் வரலாறு. அதைச் சாத்தானின் வரலாறாகவும் மேதைகளின் வரலாறாகவும் மாற்றி விற்றிருக்கிறார்கள். விற்றவர்களைவிட, வாங்கிக் கறுப்பு டி-ஷர்ட்டில் போட்டுக்கொண்ட நம்ம ஆட்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

முதலில் சாத்தானை முடித்துவிடுவோம், அது சுலபம். பிளாக் சப்பாத்தின் முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரி 13 வெள்ளிக்கிழமை வந்தது. அட்டையைப் பிரித்தால் உள்ளே தலைகீழ்ச் சிலுவை. அதைப் போட்டது கம்பெனி, எங்களிடம் கேட்கவே இல்லை என்று இசைக்குழுவினர் பல வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். பாடல் வரிகளில் பெரும்பகுதியை எழுதிய பேஸ் கிட்டார்காரர் கீசர் பட்லர் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன். சின்ன வயதில் பாதிரியார் ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டவர். இவர்கள் கழுத்தில் தொங்குகிறதே பெரிய பெரிய சிலுவைகள், அவை பேய் ஓட்டக் கட்டிக்கொண்ட தாயத்து மாதிரிதான், சாத்தானுக்கு அதில் பங்கில்லை. செய்து கொடுத்தவர் ஓசியின் அப்பா. அவர் தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் தொழிலாளி, ராத்திரி ஷிஃப்ட்காரர். ஒரு டூல்மேக்கர் தன் பிள்ளைக்கும் பிள்ளையின் சிநேகிதர்களுக்கும் உலோகத்தில் சிலுவை அடித்துக் கொடுக்கிறார். மெட்டல் வரலாற்றில் இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரிந்து கிடையாது. இதை யாராவது டி-ஷர்ட்டில் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

சாத்தான் எல்லாருக்கும் வசதியாக இருந்தான். கம்பெனிக்கு விற்பனை. ரசிகனுக்கு வீட்டில் அப்பாவை முறைக்க ஒரு சாக்கு. ஒழுக்கக் காவலர்களுக்கு எதிரி. 1985 செப்டம்பரில் அமெரிக்க செனட்டில் பாட்டு வரிகளைப் பற்றி விசாரணையே நடந்தது. ஆபத்தான பாட்டுகள் என்று பதினைந்தைப் பட்டியல் போட்டார்கள், அதில் பெரும்பகுதி மெட்டல். 1990இல் ரீனோ நகர நீதிமன்றத்தில் ஜூடாஸ் ப்ரீஸ்ட்டை நிறுத்தி, இரண்டு இளைஞர்கள் தற்கொலைக்கு முயன்றதற்கு உங்கள் தட்டில் ஒளித்துவைத்த சொல்தான் காரணம் என்று வாதாடினார்கள். நீதிபதி ஏற்கவில்லை. விற்றவனும் தடை கேட்டவனும் ஒரே சாத்தானைத்தான் பிடித்துத் தொங்கினார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். இரண்டு பேருக்கும் தொழிற்சாலை தேவைப்படவில்லை.

இப்போது விரல்கள்.

டோனி அயோமியின் கதை மெட்டல் ரசிகர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். பதினேழு வயது. தகடு வெட்டும் பட்டறையில் கடைசி நாள், மறுநாளிலிருந்து முழுநேர இசை. அன்று பிரஸ் மெஷின் வலது கையின் நடு விரலையும் மோதிர விரலையும் முனையோடு கொண்டுபோய்விட்டது. அவர் இடதுகைக்காரர், ஆகவே தந்தியை அழுத்தும் கையே அந்தக் கைதான். இனி வாசிக்க முடியாது என்றார்கள் டாக்டர்கள். பட்டறை ஃபோர்மேன் ஒரு இசைத்தட்டோடு பார்க்க வந்தார். தீ விபத்தில் இரண்டு விரல் செயலிழந்த பிறகும் வாசித்த ஜாங்கோ ரெயின்ஹார்ட்டின் தட்டு அது. அயோமி பாத்திரம் கழுவும் திரவ பாட்டிலை உருக்கி விரல் முனைகளுக்கு உறை செய்துகொண்டார், அதன்மேல் தோல் ஒட்டினார். கனமான தந்தி வலித்ததால் பான்ஜோ தந்தியை கிட்டாரில் கட்டினார். பிறகு தந்தி இன்னும் தளரட்டும் என்று சுருதியை இறக்கினார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் சில பாட்டுகள் வழக்கமான சுருதிக்கு மூன்று அரைச்சுரம் கீழே. அந்தத் தாழ்ந்த, தளர்ந்த, கனத்த ஒலிதான் பிறகு வந்த அத்தனை பேருக்கும் பாடப்புத்தகம் ஆனது.

இது வரைக்கும் சரி. இதற்கு அடுத்த வரிதான் பிரச்சினை. 'அந்த விபத்து நடந்திருக்காவிட்டால் ஹெவி மெட்டலே இல்லை' என்று ஒரு வாக்கியம் வரும் பாருங்கள். யூடியூப் வீடியோவில், தமிழ்க் கட்டுரையில், டீக்கடைப் பேச்சில், எங்கும் ஒரே தொனி. விபத்து வரமாகிவிடும். பிரஸ் மெஷின் தேவதையாகிவிடும். ஒருத்தர்கூட அடுத்த கேள்வியைக் கேட்கமாட்டார்: அந்த மெஷினில் அந்தப் பையனை ஏன் நிறுத்தினார்கள்?

அயோமியே சொல்லியிருக்கிறார். அவர் வேலை வெல்டிங். அவருக்கு முன்னால் தகட்டை அழுத்தி அனுப்பும் பெண் அன்றைக்கு வரவில்லை. ஆள் இல்லை, வேலை நிற்கக்கூடாது, நீ போய் அந்த மெஷினில் நில் என்றார்கள். பழக்கமில்லாத மெஷின். மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவர் திரும்ப வேண்டாமே என்றுதான் நினைத்திருக்கிறார். எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று அனுப்பியவர் அம்மா. ஒழுங்கான உழைப்பாளிக் குடும்பத்தின் அம்மா. இதில் விதி எங்கே இருக்கிறது, தெய்வச் செயல் எங்கே இருக்கிறது? பயிற்சியில்லாத ஆளைப் பாதுகாப்பில்லாத மெஷினில் நிறுத்தினார்கள். உலகம் முழுக்க எந்தப் பட்டறையிலும் நடக்கிற சாதாரண விஷயம். அந்த வராத பெண்ணைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அவள் வந்திருந்தால் விரல் அவளுக்குப் போயிருக்கலாம், அவளைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியிருக்கமாட்டார்கள்.

எங்க சித்தப்பாவுக்கு அம்பத்தூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் இரண்டு விரல் போச்சு. அவரும் வேறொருத்தர் லீவு போட்டதால் அந்த மெஷினுக்குப் போனவர்தான். இடது கை, ஆள்காட்டி விரலும் நடு விரலும். அவர் கிட்டார் வாசிக்கவில்லை. சட்டைப் பொத்தான் போடுவதற்கே மூன்று மாதம் ஆச்சு. பட்டறைக்காரர்கள் கொஞ்சம் பணம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். 'விபத்துதான் வரம்' என்று எழுதுகிறவர் யாராக இருந்தாலும் ஒருமுறை அவர் எதிரில் உட்கார்ந்து அதைச் சொல்லிப் பார்க்கட்டும். அயோமி தப்பித்தார். தப்பித்தவரின் கதையை வைத்து மெஷினுக்கு நற்சான்று கொடுப்பது அயோக்கியத்தனம். பாட்டில் உருக்கியது அயோமியின் கை, மெஷினின் கருணையில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது ஒரு ஃபோர்மேன், முதலாளியில்லை.

இங்கே எதிர்த்தரப்பில் ஒரு புத்திசாலி இருக்கிறார், அவரையும் பார்த்துவிடுவோம். தொழிற்சாலைச் சுத்தியல் சத்தம்தான் மெட்டலின் தாளமானது என்பது அவர் கட்சி. கேட்க அழகாக இருக்கும். இடதுசாரி நண்பர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஜூடாஸ் ப்ரீஸ்ட்டின் ராப் ஹால்ஃபோர்டும் தன் பள்ளிக்குப் பக்கத்திலிருந்த வார்ப்பாலையின் சத்தத்தையும் புகையையும் பற்றிப் பேசியிருக்கிறார். அது அவர் நினைவு, மதிக்கிறேன். ஆனால் அதையே மொத்த விளக்கமாக்குவது இன்னொரு சோம்பேறித்தனம். அதே சத்தத்தைக் கேட்டு வளர்ந்த லட்சம் பேர் வேறு வேறு பாட்டு கேட்டார்கள். பில் வார்டின் டிரம்ஸைக் கவனித்துக் கேளுங்கள், அதில் சுத்தியல் இல்லை, ஜாஸ் இருக்கிறது. ஜீன் க்ரூப்பாவைக் கேட்டு வளர்ந்த கை அது, ஊஞ்சல் மாதிரி ஆடும். தொழிற்சாலை இவர்களுக்குச் சத்தத்தைக் கொடுத்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. அது கொடுத்த நிச்சயமான ஒன்று பயம். திரும்பிப் போகவேண்டி வந்துவிடுமோ என்ற பயம்.

அந்தப் பயத்தை வைத்துப் பார்த்தால் பல விஷயம் புரியும். புகழுக்கு முன்னால் ஐரோப்பிய கிளப்புகளில், ஹாம்பர்க் ஸ்டார் கிளப் மாதிரி இடங்களில், ஒரே நாளில் பல தடவை மேடையேறி வாசித்தார்கள். பாட்டு போதாது, அதனால் இருக்கிற பாட்டை இழுத்தார்கள். இழுத்ததிலிருந்து புதுப் பாட்டு பிறந்தது. 'வார் பிக்ஸ்' அப்படி வளர்ந்த பாட்டுதான். முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் வாசித்துப் பதிவு செய்து முடித்தார்கள். இதை மேதமைக்கு அத்தாட்சியாகச் சொல்வார்கள். நேரம் வாங்கக் காசில்லை என்பதுதான் காரணம். மேடையில் வாசிக்கிற மாதிரி நின்று வாசித்துவிட்டு அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். அதே 1970 செப்டம்பரில் இரண்டாவது ஆல்பம். நேரம் மூன்று நிமிஷம் குறைகிறது, இன்னொரு பாட்டு வேண்டும் என்று கேட்டபோது, மற்றவர்கள் இடைவேளைக்குப் போன நேரத்தில் அயோமி ஒரு ரிஃப் பிடித்தார். சில நிமிஷத்தில் தயாரான அந்தப் பாட்டுதான் 'பாரனாய்ட்'. ஆர்டரில் பீஸ் குறைந்தால் ஓவர்டைம் போட்டுச் செய்து கொடுக்கிற மாதிரி செய்து கொடுத்தார்கள். அதுவே அவர்களின் பெரிய ஹிட்டும் ஆனது.

ஆல்பத்துக்கு முதலில் வைத்த பெயர் 'வார் பிக்ஸ்'. கம்பெனி மாற்றியது. அட்டையில் வாளும் கேடயமுமாக ஒருத்தர் நிற்பதற்குக் காரணம் அதுதான், படம் ஏற்கனவே எடுத்தாகிவிட்டது. சாத்தான் பாட்டு என்று சொல்லப்பட்ட அந்தப் பாட்டு ஏழைப் பையன்களைச் சாக அனுப்பிவிட்டுத் தாங்கள் வீட்டில் இருந்துகொள்ளும் தளபதிகளையும் அரசியல்வாதிகளையும் பற்றியது. பட்லருக்குச் சாத்தான் என்றால் போர். அதே ஆல்பத்தில் 'ஹேண்ட் ஆஃப் டூம்' வியட்நாமிலிருந்து ஹெராயின் பழக்கத்தோடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களைப் பற்றியது. ஐரோப்பாவில் அமெரிக்க ராணுவ முகாம்களில் வாசிக்கப் போனபோது பார்த்த ஆட்கள். நால்வரும் 1948, 1949இல் பிறந்தவர்கள். ஜெர்மன் குண்டு விழுந்து இடிந்த மனைகள் அப்போது பர்மிங்ஹாமில் பாக்கி இருந்தன. பாட்டின் தொடக்கத்தில் விமானத் தாக்குதல் சங்கு ஊதுவதை ஏதோ திகில் பட எஃபெக்ட் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன். 'மியூசிக்கில் அரசியலைக் கலக்காதீங்க ப்ரோ' என்கிறவர்களுக்கும் சேர்த்து.

அன்றைய பெரிய விமர்சகர்கள் இவர்களை மதிக்கவே இல்லை. முதல் ஆல்பத்தை 'ரோலிங் ஸ்டோன்' கேலி செய்தது. கல்லூரி படித்த, கலைப்பள்ளி வாசனை தெரிந்த விமர்சகர்களுக்கு இந்த இசை மொண்ணையாகத் தெரிந்தது. ஆல்பம் பிரிட்டனில் எட்டாம் இடத்துக்குப் போனது, அடுத்தது முதலிடம். வாங்கியது யார் என்று அந்த விமர்சகர்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை. இருபது வருஷம் கழித்து அதே ஆட்களின் வாரிசுகள் வந்து 'முன்னோடி', 'காவியம்' என்று பட்டம் கட்டினார்கள். கேலியும் பட்டமும் ஒரே கண்ணிலிருந்து வந்தவைதான். அந்தக் கண்ணுக்குத் தொழிலாளி தெரியமாட்டான். மொண்ணையாகத் தெரிவான், இல்லாவிட்டால் மேதையாகத் தெரிவான்.

பத்து வருஷம் கழித்துக் கதை தலைகீழானது, இதைத்தான் நம் கட்டுரையாளர்கள் அறவே விட்டுவிடுகிறார்கள். 1970இல் வேலை இருந்தது, அதிலிருந்து தப்ப வேண்டியிருந்தது. 1980இல் வேலையே போய்க்கொண்டிருந்தது. அந்த வருஷம் ஜனவரி 2ஆம் தேதி பிரிட்டிஷ் எஃகுத் தொழிலாளர்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பதின்மூன்று வாரம். முடிந்தது ஏப்ரல் 3. ஏப்ரல் 14ஆம் தேதி ஜூடாஸ் ப்ரீஸ்ட்டின் ஆல்பம் வந்தது. பெயர் 'பிரிட்டிஷ் ஸ்டீல்'. அட்டையில் சவர பிளேடைப் பிடித்த கை. கிட்டார்காரர் க்ளென் டிப்டன் அதே பிரிட்டிஷ் ஸ்டீல் கம்பெனியில் சில வருஷம் வேலை பார்த்தவர். 'பிரேக்கிங் த லா' வேலையில்லாத ஒரு பையனின் பாட்டு. 1982 ஜனவரியில் பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை முப்பது லட்சத்தைத் தாண்டியது. இதைத் தெரியாமல் அந்தப் பாட்டைக் கேட்டால், பைக் ஓட்டிக்கொண்டு போலீஸை முறைக்கிற பாட்டாகத்தான் கேட்கும். நாம் அப்படித்தான் கேட்டோம்.

அந்த ஆல்பத்தை ரிங்கோ ஸ்டாரின் மாளிகையில் வைத்துப் பதிந்தார்கள். கணினியில் சத்தம் செய்யும் வசதி இல்லாத காலம். 'மெட்டல் காட்ஸ்' பாட்டில் இரும்பு அரக்கர்கள் நடந்துவரும் ஓசை வேண்டும். சமையலறையிலிருந்து ஸ்பூன், கத்தி எல்லாம் அடுக்கிய தட்டைத் தூக்கிவந்து குலுக்கினார்கள். 'பிரேக்கிங் த லா'வுக்குப் பால் பாட்டில்களை உடைத்தார்கள். பட்டறைப் புத்தி. இருக்கிறதை வைத்து ஒப்பேற்று. வடக்கே ஷெஃபீல்டில் டெஃப் லெப்பர்ட் பையன்கள் ஒத்திகை பார்த்தது ஒரு பழைய ஸ்பூன் தொழிற்சாலையில். ஸ்பூன் செய்த ஊரில் ஸ்பூன் செய்வது நின்று, அந்த இடத்தில் பையன்கள் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலகட்டத்தின் மொத்த பொருளாதாரமும் இந்த ஒரு வாடகை இடத்தில் இருக்கிறது.

சுற்றுப்பயணங்களைப் பற்றி நாம் எழுதும் விதம் இன்னும் கொடுமை. எண்ணிக்கையைச் சொல்லி வாய்பிளப்போம். அயர்ன் மெய்டனின் 'வேர்ல்ட் ஸ்லேவரி' பயணம் 1984 ஆகஸ்டில் போலந்தின் வார்சாவில் தொடங்கி மறுவருஷம் ஜூலை வரை போனது. பதினோரு மாதத்தில் சுமார் 190 நிகழ்ச்சிகள். பிரமிடு மேடை, மம்மி எட்டி, எல்லாம் இருக்கட்டும். அந்தப் பயணம் முடிந்தபோது பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன் இசையையே விட்டுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குக் களைத்துப்போயிருந்தார். பயணத்தின் பெயரிலேயே அடிமைத்தனம் இருந்தும் நமக்கு அது உறைக்கவில்லை. எத்தனை ஊர், எத்தனை லாரி என்று கணக்குப் போட்டுப் பெருமைப்படுகிறோம். முதலாளி உற்பத்திக் கணக்கைப் பார்க்கிற பார்வை இது. ரசிகனுக்கு எதற்கு?

2007 மார்ச்சில் அதே மெய்டன் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்தபோது நானும் சென்னையிலிருந்து ரயிலேறிப் போனேன். நல்ல ராத்திரி, குறை சொல்லமாட்டேன். தொண்டை கட்டி மூன்று நாள் பேச்சு வரவில்லை. ஆனால் சுற்றிலும் நின்றவர்கள் யார்? என்ஜினியரிங் மாணவர்கள், ஐடி கம்பெனிக்காரர்கள், ஆங்கிலவழிப் பிள்ளைகள். பர்மிங்ஹாமின் ஃபிட்டர் மகனின் இசை இங்கே வந்து இறங்கும்போது ஐஐடி கல்ச்சுரல்ஸ் இசையாக மாறியிருந்தது. அதில் தப்பில்லை. இசை எங்கே வேண்டுமானாலும் போகும், அதைத் தடுக்க நான் யார். ஆனால் வந்த இடத்தில் அது ஒரு தகுதிச் சான்றிதழாகிவிட்டது. 'நீ சினிமாப் பாட்டு கேட்கிறவன், நான் மெட்டல் கேட்கிறவன்.' குத்துப்பாட்டைக் கேட்டால் முகம் சுளிக்கிற மெட்டல் அண்ணன்களை எனக்கு நிறையத் தெரியும். அவர்கள் குத்துப்பாட்டைப் பற்றிச் சொல்கிற அதே வார்த்தைகளைத்தான் 1970இல் விமர்சகர்கள் சப்பாத்தைப் பற்றிச் சொன்னார்கள்: சத்தம், மொண்ணை, படிக்காதவன் இசை. அண்ணன்மார்களே, அந்தக் காலத்து லண்டனில் நீங்கள் இருந்திருந்தால் ஓசியை வீட்டு வாசலில்கூட நிற்க விட்டிருக்கமாட்டீர்கள்.

பெண்களைப் பற்றி இந்த அண்ணன்கள் பேசுவதை எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். ஒன்று மட்டும். 1981 பிப்ரவரியில் மோட்டர்ஹெட்டும் கேர்ள்ஸ்கூலும் சேர்ந்து போட்ட சிறு தட்டு பிரிட்டனில் ஐந்தாம் இடத்துக்குப் போனது. மோட்டர்ஹெட்டுக்கே அதற்கு முன்னும் பின்னும் அந்த இடம் கிடைக்கவில்லை. லெமி படம் போட்ட டி-ஷர்ட் ஊரெல்லாம் இருக்கிறது. கேர்ள்ஸ்கூல் டி-ஷர்ட் போட்ட ஒருத்தரை இதுவரை நான் பார்க்கவில்லை.

கடைசியாக பில் வார்ட். எனக்கு ரொம்பப் பிடித்தவர் என்பதால் அல்ல, நம் குணம் பளிச்சென்று தெரிவது அவர் விஷயத்தில்தான் என்பதால். பழைய நால்வரும் மறுபடி சேர்கிறார்கள் என்று 2011இல் அறிவிப்பு வந்தது. சில மாதத்தில் வார்ட் வெளியே நின்றார். கையெழுத்துப் போடக்கூடிய ஒப்பந்தம் வேண்டும் என்றார். ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்பது அவர்கள் விவகாரம், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் ரசிகர்கள் கேட்ட கேள்வி எது? 'இந்த வயசில் உடம்பு தாங்குமா? முழுக் கச்சேரியும் வாசிக்க முடியுமா?' ஒரு தொழிலாளி ஒப்பந்தம் சரியில்லை என்கிறான். அதைக் கேட்டவர்கள் அவனுக்கு மெடிக்கல் செக்கப் பண்ணுகிறார்கள். ஹெச்.ஆர். டிபார்ட்மென்ட்டை ரசிகர்களே சம்பளமில்லாமல் நடத்தினார்கள். 2013இல் '13' என்ற ஆல்பம் வேறொரு டிரம்மரோடு வந்து இரண்டு பக்கமும் முதலிடம் பிடித்தது. 2017 பிப்ரவரி 4, சொந்த ஊர் பர்மிங்ஹாமில் விடைபெறும் கச்சேரி. அதிலும் வார்ட் இல்லை. 'கனவு நனவானது' என்று அப்போது எழுதியவர்களின் பட்டியலில் நாலில் ஒரு பெயர் குறைவது உறுத்தவே இல்லை.

பிறகு 2025 ஜூலை 5. ஆஸ்டன், வில்லா பார்க் மைதானம். சின்னப் பையனாக இருந்தபோது ஓசி மேட்ச் பார்க்க வருகிறவர்களின் கார்களைக் காவல் காத்துச் சில்லறை வாங்கிய தெருக்கள் அதைச் சுற்றித்தான். பார்க்கின்சன் நோயால் எழுந்து நிற்க முடியாமல் அவர் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். இருபது வருஷத்துக்குப் பிறகு நால்வரும் ஒரே மேடையில். வார்டுக்கு வயது எழுபத்தேழு. நாலு பாட்டு, 'வார் பிக்ஸ்' முதலாவது. பதினேழு நாள் கழித்து ஓசி இறந்தார், நம்ம ஆட்கள் வௌவாலைத் தேடிக் கிளம்பிவிட்டார்கள்.